கடைசிக் குடமும் கவிதா அக்காவின் நிச்சயதார்த்தமும்

உலகம் அழிந்த பிறகு பூமி எப்படி இருக்கும் என்று காட்டுவதற்குப் பெரிய ஊர்க்காரர்கள் கோடிக்கணக்கில் கொட்டி செட் போடுகிறார்கள். எங்கள் ஊரில் அது ரோட்டோரத்திலேயே இருக்கிறது. பஸ் ஜன்னலில் இருந்து பார்க்கலாம். தனி டிக்கெட் கிடையாது.

கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பூமிக்கு அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்த கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தெடுத்து, மிச்ச மாவைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு நடுவிலேயே கொட்டிவைத்தார்கள். இப்போது சுரங்கம் மூடியாயிற்று, தங்கமும் இல்லை; மாவு மட்டும் மலை மலையாக நிற்கிறது. சயனைடு மேடு என்போம். சாம்பல் வெள்ளை நிறம். மழை ஓடி ஓடி அதன் உடம்பெல்லாம் வரி வரியாகப் பிளந்திருக்கும். காற்று அடித்தால் தூசி கிளம்பிக் காயப்போட்ட வேட்டியில் உட்காரும், ஆறவைத்த பாலில் உட்காரும், பேசிக்கொண்டிருப்பவர் வாயிலும் உட்காரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து 'அடப்பாவமே' என்பார்கள். நான் பார்த்து 'லொகேஷன்' என்பேன்.

(அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டுக்கு வந்த வினையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.)

என் மாமா பஜாரில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். அது பிறகு சிடி கடையாகி, ரீசார்ஜ் கடையாகி, இப்போது ஜூஸ் கடையாக இருக்கிறது. சிடி அவதாரம் முடிந்தபோது விற்காமல் போன சரக்கு ஒரு கோணியில் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தது. நான் அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ. கோணிக்குள் கையை விட்டால் வருவதெல்லாம் உலகம் அழிந்த படம். அணுகுண்டில் அழிந்தது, வால்நட்சத்திரத்தில் அழிந்தது, ராட்சதப் பல்லியால் அழிந்தது. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தவை. பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள் எடுத்தவை. ராக்கெட் தொங்கும் கயிறு தெரியும். பல்லியின் முதுகில் ஜிப் தெரியும். பாலைவனத்தில் பழைய தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வீரனின் காலில் சாதாரண ஹவாய் செருப்பு இருக்கும்.

என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கோ அந்தக் கயிற்றால்தான் பைத்தியம் பிடித்தது. கயிறு தெரிந்தால், அதை யாரோ ஒருத்தர் கையால் கட்டினார் என்று தெரிகிறது. கை எனக்கும் இருக்கிறது. கயிறு பஜாரில் கிடைக்கிறது. வால்நட்சத்திரம் விழுந்த பூமி ரோட்டோரத்திலேயே இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

பெங்களூரில் காலேஜ் சேர்ந்து, தினமும் ரயிலில் போய் வரும்போது, கதவோரத்தில் நின்றுகொண்டே கதை எழுதினேன். பெயர் 'கடைசிக் குடம்'. நூறு வருஷத்துக்குப் பிறகு நடக்கிறது. மழை நின்றுபோய்விட்டது. உலகத்திலேயே மிச்சமிருப்பது ஒரு டேங்கர் தண்ணீர். அதன் தலைமேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் ஒரு கொடுங்கோலன். ஒரே ஒரு குடம் தண்ணீருக்காக ஒரு பெண் தன்னந்தனியாக அவனை எதிர்த்து நிற்கிறாள். (அந்தப் பெண் யார் என்று கேட்காதீர்கள். டைரக்டர் யாரோ அவர்தான்.) பழைய படங்களுக்கு நான் செய்யும் மரியாதை அது. ஒவ்வொரு காட்சியிலும் அந்தக் கோணிக்குள் இருந்த ஏதாவது ஒரு படத்துக்கு ஒரு கும்பிடு வைத்திருந்தேன். கும்பிடு புரிகிறவர்கள் இந்த ஊரில் என்னைச் சேர்த்து மூன்று பேர்.

மற்ற இருவர் பிரவீனும் டேவிட்டும். பிரவீனிடம் நல்ல கேமரா வைத்த போன் இருந்தது. அதனால் அவன் ஒளிப்பதிவாளர். டேவிட் ஜிம்மில் வேலை பார்த்தான், வாசல் நிலை இடிக்கும் உயரம். அதனால் அவன் கொடுங்கோலன். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, டேங்கர் வருகிற உச்சக்கட்டம் மட்டும் பாக்கி. அதற்கு டேங்கர் வேண்டும். கோடைகாலத்தில் எங்கள் ஊரில் ஒருவரிடம் போய் 'அண்ணே, சும்மா ஒரு மணி நேரம் டேங்கர் குடுங்க' என்று கேட்பதும், கல்யாண வீட்டில் தாலியைச் சும்மா ஒரு மணி நேரம் கேட்பதும் ஒன்று. இதற்கிடையில் பிரவீனுக்குப் புனேவில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ரயில். போனும் அவனோடு போகும். படம் பாதியில் நிற்கும்.

அந்த நேரத்தில்தான் கவிதா அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

மாப்பிள்ளை வீடு ஆம்பூர். நல்ல இடம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் வருகிறார்கள். எங்கள் நந்திதுர்க் பக்கத்துக் குழாயில் தண்ணீர் வந்து வெகுநாளாகியிருந்ததால், சமையலுக்கும் பந்திக்கும் கைகழுவுவதற்கும் ஒரு டேங்கர் தண்ணீருக்கு அப்பா சொல்லிவைத்திருந்தார். டேங்கர்காரர் முனிரத்னம் அண்ணன். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து போர்வெல்லில் நிரப்பி, சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவர வேண்டும். அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு வீட்டில் தலைக்குமேல் வேலை. டேங்கரோடு கூடவே வந்து வழி காட்டுவதற்கு ஆள் வேண்டும்.

"நேரா கூட்டினு வா சுகன்யா," என்றாள் அம்மா. "வழில எங்கியும் நிக்காத. உன் சினிமா புத்திய இன்னிக்கு ஒரு நாளு பெட்டில வெச்சிப் பூட்டிட்டுப் போ."

"சரிம்மா," என்றேன்.

(அந்த 'சரிம்மா'வை எங்கள் வீட்டில் இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.)

என் கணக்கு எளிமையானது. டேங்கர் எப்படியும் வருகிறது. அது வருகிற வழியில் ஸ்கெலட்டன் என்கிற பேட்டைப் பக்கத்துச் சயனைடு மேடு இருக்கிறது. மேட்டின் அடியில் லாரி போகிற அளவுக்குப் பாதை இருக்கிறது. அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி ஒரே ஒரு காட்சி எடுத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு சொட்டுத் தண்ணீரையும் தொடப்போவதில்லை. இதில் என்ன தப்பு நடந்துவிடும்? (இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லா விஞ்ஞானிகளும் என் கோணிப் படங்களில் முதல் பத்து நிமிஷத்துக்குள் செத்துப்போவார்கள். எனக்கு அது தெரியும். இருந்தும் கேட்டேன்.)

முனிரத்னம் அண்ணனைச் சம்மதிக்க வைக்க ஒரு பெரிய வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, "அண்ணே, நீங்க எதுனா படத்துல நடிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் வண்டியின் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். வண்டி தானாக மேட்டுப் பக்கம் திரும்பியது.

அங்கே டேவிட் முழு வேஷத்தில் காத்திருந்தான். தோளில் ஸ்கூட்டர் சக்கர மூடிகள். இடுப்பில் சைக்கிள் டியூப். நெஞ்சில் எங்கள் வீட்டு இட்லித் தட்டுகள் இரண்டு, கவசமாக. (அம்மா காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த அதே தட்டுகள்.) நான் அப்பாவின் பழைய சுரங்க ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன், வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அழிந்த உலகத்து முகம் வேண்டும் என்பதற்காக, மேட்டுத் தூசியையே எடுத்து, காற்றில் பறந்துவிடக்கூடாதே என்று தேங்காய் எண்ணெயில் குழைத்து முகம் முழுக்க அப்பிக்கொண்டேன். மேக்கப் செலவு மிச்சம் என்று பெருமை வேறு.

கொடுங்கோலன் கையில் செங்கோல் இல்லையே என்று பிரவீன் சொன்னான். சுற்றிலும் பார்த்தேன். டேங்கரின் பின்னால், தண்ணீர் திறக்கிற வால்வின் மேல், துருப்பிடித்த இரும்புச் சக்கரம் ஒன்று இருந்தது. கோணிக்குள் இருந்த அத்தனை படங்களும் அந்தச் சக்கரத்தைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டின. முனிரத்னம் அண்ணன் இன்னும் கண்ணாடியில் வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். பிரவீன் சக்கரத்தைக் கழற்றி ஒரு மண்வெட்டிக் காம்பில் கட்டினான். அதைப் பிடித்திருந்த நட்டு எங்கோ தூசிக்குள் விழுந்தது. யாரும் தேடவில்லை.

டேவிட் டேங்கர் மேல் ஏறி நின்றான். பின்னால் வெள்ளை மலை. மேலே வெள்ளை வானம். உண்மையாகச் சொல்கிறேன், எந்தப் பெரிய கம்பெனி எடுத்த படத்திலும் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. வெல்டிங் கண்ணாடிக்குள் அது பெரிய தொந்தரவு.

பழைய படங்களில் கெட்டவன் வண்டி வருவதற்கு முன்னால் அதன் ஹார்ன் வரும். அதற்கும் ஒரு கும்பிடு போட வேண்டும் அல்லவா? முனிரத்னம் அண்ணனிடம் போய், கையைக் காட்டியதும் ஹார்ன் அடிக்கச் சொன்னேன். எப்படி அடிக்க வேண்டும் என்று கேட்டார். நடிப்பு எப்போதும் இயல்பாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

"தெனமும் எப்பிடி அடிப்பீங்களோ, அப்பிடியே அடிங்கண்ணே," என்றேன்.

அவர் தினமும் அடிக்கிறபடியே அடித்தார். நீளமாக மூன்று தடவை.

ஸ்கெலட்டனில் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு அந்த மூன்று ஹார்ன் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குழாயடியில் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். ஆள் நிற்காது; ஆளுக்குப் பதில் கல் நிற்கும், உடைந்த பக்கெட் நிற்கும், ஒற்றைச் செருப்பு நிற்கும். எந்தக் கல் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். முனிரத்னம் அண்ணனின் மூன்று ஹார்ன் கேட்டதும் கல்லுக்குப் பதில் ஆள் வந்துவிடும். உலையில் அரிசி இருந்தாலும் சரி, தலையில் ஷாம்பு இருந்தாலும் சரி. லைன் வீடுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் அந்த நேரம் நூறு வருஷம் தள்ளி இருந்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேட்டின் விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. பிறகு ஒரு சிவப்புக் குடம். பிறகு விளிம்பு முழுக்கத் தலைகள். பச்சைக் குடம், மஞ்சள் குடம், நீலக் குடம். வெள்ளை மலையின் சரிவில் புடவைகள் பறக்க, தூசி கிளம்ப, அத்தனை பெண்களும் எங்களை நோக்கி இறங்கி வந்தார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. "டேய் பிரவீன், எங்கடா புடிச்ச இவ்ளோ பேர? சூப்பர் மச்சா," என்றேன்.

பிரவீன் போனை இறக்கவில்லை. "நான் புடிக்கல. நீ கூட்டினு வந்தன்னு நெனச்சேன்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள், எல்லாம் திட்டப்படிதான் நடக்கிறது என்று நம்பிய டேவிட், செங்கோலை ஓங்கித் தன் வசனத்தைப் பேசிவிட்டான். வசனம் நான் எழுதியது. ரயிலில் தூங்காமல் எழுதியது. "இந்தத் தண்ணீர் எனக்குச் சொந்தம். ஒரு சொட்டு வேண்டுமென்றால் மண்டியிடுங்கள்."

கூட்டத்தின் முன்னால் வந்த செல்வி அக்கா நின்றாள். லைனில் வரிசைச் சண்டை வந்தால் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இன்னா சொன்ன?"

டேவிட் அடுத்த வசனத்தை மறந்துவிட்டான்.

"யாரு அது... டீச்சரம்மா மேரி புள்ளதானே நீ? நெஞ்சில இன்னாடா இட்லித் தட்டு? அம்மாக்கு சொல்லட்டா?"

"வேணாங்கக்கா."

"எறங்கு."

உலகத்தின் கடைசி டேங்கரை ஆண்ட கொடுங்கோலன், சக்கர மூடிகள் சத்தம் போட, ஏணியில் பின்புறமாக இறங்கி வந்து செங்கோலைச் செல்வி அக்காவிடம் ஒப்படைத்தான். என் கதையில் இந்த இடத்துக்கு மூன்று பக்கச் சண்டைக்காட்சி எழுதியிருந்தேன்.

நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். இது சினிமா, உலகம் அழிந்து நூறு வருஷம் ஆன பிறகு நடக்கிற கதை, தண்ணீர் கிடைக்காத காலத்தில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை ஒரு கற்பனையாக, என்று விளக்க ஆரம்பித்தேன். கற்பனையாக என்ற சொல்லைச் சொல்லும்போதே, எதிரில் நிற்கிற அத்தனை காலிக் குடங்களும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"அக்கா, இது எங்க அக்கா நிச்சயத்துக்குப் போற தண்ணிக்கா."

செல்வி அக்கா என் ஹெல்மெட்டையும் வெள்ளை முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். "நிச்சயத்துக்குப் போற தண்ணி இங்க இன்னாத்துக்கு வந்திச்சி?"

அவளே தீர்ப்பும் சொன்னாள். இவ்வளவு தூரம் ஓடி வந்தாயிற்று, வீட்டுக்கு ஒரு குடம் மட்டும் பிடித்துக்கொள்கிறோம், மிச்சம் நிச்சய வீட்டுக்குப் போகட்டும். கண்மூடித் திறப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. நியாயமான தீர்ப்பு. என்னைத் தவிர அங்கிருந்த எல்லாரும் நியாயமானவர்கள்.

திறக்கப் போனால் வால்வின் சக்கரம் செங்கோலில் இருந்தது. நட்டைத் தேடினால் நட்டும் இல்லை. முனிரத்னம் அண்ணன் தன் வண்டியின் பின்பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். ஸ்பேனர் போட்டு எப்படியோ திருகித் திறந்தார். வீட்டுக்கு ஒரு குடம் நிரம்பியது. மூடப்போனார். ஸ்பேனர் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை.

"அயிபோயிந்தி," என்றார், எல்லாம் முடிந்தது என்று. அவருக்குக் கஷ்டம் வந்தால்தான் தெலுங்கு வரும்.

அப்போது அந்தப் பெண்கள் செய்ததைத்தான் நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. "கீழ ஊத்தாம புடி," என்று செல்வி அக்கா டேங்கரின் ரப்பர் குழாய் நுனியை என் கையில் திணித்தாள். நிரம்பிய குடங்கள் மேட்டைச் சுற்றி ஓடின. திரும்பி வரும்போது டிரம் வந்தது, அண்டா வந்தது, பிரஷர் குக்கர் வந்தது, குழந்தை குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டி வந்தது, ஒருத்தி பால் குக்கர் கொண்டுவந்தாள். டேவிட் இட்லித் தட்டோடு டிரம் சுமந்தான். ஒரு சொட்டு அந்த மேட்டு மண்ணில் விழவில்லை. நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன். அக்காவின் நிச்சயதார்த்தத் தண்ணீர் என் கைவழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு தங்கை என்ன நினைக்க வேண்டுமோ அதை நான் நினைக்கவில்லை. "பிரவீன், லெஃப்ட்ல இருந்து எடு, லைட் சூப்பரா இருக்குது," என்று கத்தினேன்.

எல்லாம் ஓய்ந்தபின் செல்வி அக்கா டேங்கரைத் தட்டிப் பார்த்தாள். டொங் என்றது. அவள் முகம் மாறியது.

"நிச்சயம் எப்போ?"

"நாளைக்குக் காத்தால."

எந்த வீடு என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலி டேங்கர் வீட்டுக்கு வந்து நின்றதையும், அம்மா வெளியே வந்து முதலில் வண்டியையும் பிறகு என் முகத்தையும் பார்த்ததையும் விவரிக்க எனக்குத் திராணி இல்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி, "இட்லித் தட்டு எங்க?" சாயங்கால ரயிலில் அப்பா வந்தார். கதையை முழுசாகக் கேட்டார். "உலகம் அழியற படம் எடுக்கிறேன்னு சொன்ன. நம்ம வீட்ல இருந்து ஆரம்பிப்பன்னு சொல்லலியே," என்றார். சட்டையைக்கூட மாற்றாமல் வேறு டேங்கர் தேடிப் போனார். முகூர்த்த நாள். ஊரில் ஓடுகிற அத்தனை டேங்கருக்கும் வேறு வீடு இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த அண்டாத் தண்ணீரைச் சமையல்காரர் தன்னுடையது என்று அறிவித்துவிட்டார்.

"ஒனக்கு மூஞ்சி கழுவ ஒரு சொம்பு கெடையாது," என்றாள் அம்மா. "அப்பிடியே கெட."

துண்டால் துடைத்துப் பார்த்தேன். எண்ணெயில் குழைத்த சயனைடு மேடு துண்டுக்கெல்லாம் மசிவதில்லை. சமமாகப் பரவியதுதான் மிச்சம்.

கவிதா அக்கா திட்டவில்லை. தலை பின்னிக்கொண்டே கேட்டாள்: "சுகு, ஒண்ணு மட்டும் சொல்லு. அவங்க வந்து எறங்கி, கை கழுவத் தண்ணி எங்கன்னு கேட்டா, நீ போயி சொல்றியா, நான் போயி சொல்லட்டா?"

நான் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டுப் பாவாடை தாவணி கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, வெல்டிங் கண்ணாடி இருந்த இடத்தில் மட்டும் இரண்டு கருப்பு வட்டம் விட்டு மீதி முகம் முழுக்க வெள்ளையாக, நான் வாசலில் நின்றேன். என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆம்பூர் வேன் தெருமுனையில் திரும்பியது. அப்பா கையைக் கூப்பினார். மாப்பிள்ளையின் அம்மா முதல் ஆளாக இறங்கினார்கள். போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினார். நான் வாயைத் திறந்தேன்.

அந்தச் சமயத்தில் தெருவின் மறுமுனையிலிருந்து செல்வி அக்கா வந்தாள்.

அவள் பின்னால் ஸ்கெலட்டன் லைனே வந்தது. ஆளுக்கு ஒரு குடம். நேற்று நான் பிடித்துக்கொடுத்த அதே தண்ணீர். நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குச் சும்மா கொண்டுவரலாமா என்று குடத்துக்கெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வாயில் மாவிலை செருகியிருந்தார்கள். எல்லாரும் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை. வரிசை கலையவில்லை. (வரிசையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது.) செல்வி அக்கா நேராக என்னிடம் வந்து முதல் குடத்தை என் தலையில் ஏற்றிவிட்டு, "உள்ள போயி ஊத்து. சிந்தாத," என்றாள் காதோடு.

ஆம்பூர்க்காரர்கள் எல்லாரும் வேனைச் சுற்றி அப்படியே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக எங்கள் அம்மா பக்கம் திரும்பி, "இது உங்க ஊரு வழக்கமாங்க?" என்று கேட்டார்கள்.

என் அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர்கூட உண்மையான காரணத்தோடுதான் எழுதுவாள். அன்றைக்குக் கண் இமைக்கவில்லை.

"ஆமாங்க. எங்க பக்கத்துல நிச்சயம்னா ஊரே வந்து வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்தணும். தண்ணிச் சீருன்னு சொல்லுவோம்."

மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எங்க ஊர்லயும் இருந்திச்சிங்க. இப்பல்லாம் விட்டுப்போச்சி."

"நாங்க இன்னும் வுடல," என்றாள் செல்வி அக்கா.

நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தியில் கைகழுவத் தண்ணீர் மிஞ்சியது. செல்வி அக்கா கூட்டத்துக்கு முதல் பந்தி. அப்பா தானே நின்று பரிமாறினார். பிரவீன் அந்தக் குட ஊர்வலத்தையும் எடுத்திருந்தான்; அதுதான் படத்தின் கடைசிக் காட்சி. என் மூன்று பக்கச் சண்டையைத் தூக்கிப்போட்டுவிட்டேன். கொடுங்கோலன் ஒரே சொல்லில் இறங்குகிறான், தண்ணீர் வீடு வீடாகப் போகிறது, மறுநாள் வீடு வீடாகத் திரும்பி வருகிறது. அவ்வளவுதான் கதை. தனி ஆளாக எதிர்த்து நின்றிருக்க வேண்டிய கதாநாயகி ஓரமாகக் குழாய் பிடிக்கிறாள்.

பெங்களூரில் ஒரு சின்ன அரங்கில் திரையிட்டபோது ஒருவர் எழுந்து, இவ்வளவு கூட்டத்தை இந்தச் செலவில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். "நான் சமாளிக்கலீங்க. எங்க ஊர்க்காரங்க என்னைச் சமாளிச்சாங்க," என்றேன். ஸ்கெலட்டன் லைனில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டியபோது வந்த விமர்சனம் வேறு மாதிரி. 'நூறு வருஷங்களுக்குப் பிறகு' என்று தொடக்கத்தில் எழுத்து வரும். செல்வி அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இன்னாத்துக்கு அத்தினி தூரம் போற? சித்திர மாசம்னு போடு, போதும்," என்றாள். அதைவிடச் சரியாக யாரும் என் படத்தைப் பற்றிப் பேசியதில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் கொஞ்சம் கௌரவமாகத் தப்பித்திருப்பேன். போன தை மாதம் ஆம்பூரிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. கவிதா அக்காவின் மாமியார். இளைய பிள்ளைக்கு நிச்சயம் வைத்திருக்கிறார்களாம். உங்கள் தண்ணிச் சீரை இங்கேயும் செய்ய ஆசை, பெண் வீட்டாரும் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார்கள், முறை தவறிவிடக்கூடாது, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள் என்றார்கள். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மாவிலை, மஞ்சள், எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று யோசிக்காமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார்.

"அது சரிங்க," என்றது ஆம்பூர். "பொண்ணோட தங்கச்சி மூஞ்சில வெள்ளையாப் பூசி, கண்ணச் சுத்தி மட்டும் வுட்டுடணும் இல்லிங்களா? ஆல்பத்துல பாத்துனுதான் இருக்கேன். அது இன்னா பொடிங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அரிசி மாவுதாங்க," என்றாள்.

அந்த நிச்சயத்துக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். ஆம்பூரில் ஒரு வாசலில், பட்டுப் பாவாடையும் கனகாம்பரமுமாக, முகமெல்லாம் அரிசி மாவு பூசி, கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம் விட்டு, பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி முதல் குடத்தைத் தலையில் வாங்கினாள். மிகவும் பயபக்தியோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல். பரணில் கிடந்த கோணிப் படங்களுக்கு நான் எத்தனையோ கும்பிடு போட்டிருக்கிறேன். என் படத்துக்கு விழுந்த முதல் கும்பிடு அது. அப்பா என் காதருகில் குனிந்து, "டைரக்டரம்மா, லைட் எப்பிடி?" என்றார்.

சூப்பராக இருந்தது.